பம்பாயில் இருக்கும் தம்பி

1972ஆம் ஆண்டு மே மாதம் இருபத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை. வெண்ணாற்றங்குடியில் ஒன்பது மா நஞ்சையை, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கரை, குத்தகைக்குப் பயிரிட்டு வந்த அம்சம் என்னும் கைம்பெண், அந்நிலத்தை விட்டு இறங்க வேண்டும் என்று அன்று உத்தரவாயிற்று. நிலத்துக்குரியவராகிய சாமிநாதன் பம்பாயிலிருந்து திரும்பி வந்து தாமே பயிரிட விரும்புகிறார் என்பது காரணம். அந்தச் சாமிநாதனை அம்சம் ஒரு நாளும் கண்டதில்லை. உத்தரவில் கையொப்பமிட்ட அதிகாரியும் கண்டதில்லை. எவரும் காணாத ஒருவர் கேட்டார் என்பதற்காக, எல்லாரும் காண நின்ற ஒருவரை வெளியேற்றினார்கள். என் மனக்குறை இவ்வளவுதான்.

உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு, மறுநாள் அம்சம் தஞ்சாவூர்க் கீழவாசலில் ஒரு ஜவுளிக் கடையின் மாடிப்படி ஏறினார். அங்கே ஜெக்கரியா என்பவர் ‘குடும்ப விசாரணை’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். பெண் கொடுக்க நினைப்பவர்களும், வாரிசு தேடுபவர்களும் அவரிடம் வருவார்கள். பத்திரப்பதிவு அலுவலகமொன்றில் நகல் எழுதுபவராக நெடுங்காலம் இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். அவருக்கு உதவியாக இருந்தவர் அவருடைய அக்காள் மகள் ஹமீதா பானு.

அம்சம் அழவில்லை. உட்காரச் சொன்னபோதுதான் உட்கார்ந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

“ஒங்க வீட்டுக்காரரு?” என்று கேட்டார் ஜெக்கரியா.

“மருதையன். போன தையிலே பாம்பு தொட்டுடுச்சு.”

“நிலம் யாருதுன்னு சொல்லித்தான் குத்தகை எடுத்தீங்க?”

“ஐயரோடதுன்னு. ஐயாகிட்டதான் நெல்லு அளப்போம். அவருக்குத் தம்பி இருக்காருன்னு இந்த உத்தரவு வந்தப்புறம்தான் எங்களுக்குத் தெரியும்.”

“ஐயரு பேரு?”

“பஞ்சாபகேசன்னு காயிதத்துல இருக்கு. நாங்க ஐயான்னுதான் கூப்பிடுறது.”

பானு உத்தரவைப் படித்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“மாமா, அண்ணன்காரரு ஊர்லயே இருக்காரு. தம்பிக்காரரு பம்பாயில இருக்காரு. தம்பிக்கு விவசாயம் பண்ண ஆசை வந்திருக்கு, ஆனா ரயில்ல ஏற ஆசை வரலே. அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்காரு. இந்த மாதிரித் தம்பி எனக்கு ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்.”

“தம்பி இல்லேன்னா என்ன ஆகும், சொல்லு.”

“அண்ணன்கிட்ட உச்சவரம்புக்கு மேல நிலம் இருக்குன்னு ஆகும். மிச்சத்தை அரசாங்கம் எடுக்கும். உழுதுட்டிருக்கிறவங்களுக்குத்தான் மொதல் உரிமை. இந்தம்மா இறங்க வேண்டாம்.”

விவரம் அறியாத வாசகர்களுக்காக ஒரு வரி. அப்போதைய சட்டப்படி ஒரு குடும்பம் பதினைந்து தர ஏக்கருக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஆகவே டெல்டா முழுவதும் அக்காலத்தில் மக்கள்தொகை திடீரென்று பெருகியது. தம்பிகள், அத்தைகள், சுவீகார புத்திரர்கள் எனப் பலரும் பத்திரங்களில் பிறந்தார்கள். எல்லாச் சாதியாரும், எல்லாச் சமயத்தாரும் இவ்விதம் பெற்றுக்கொண்டார்கள். இதில் எவருக்கும் எவரையும் பழிக்கும் தகுதி இல்லை.

“ஆனா இது பொய்யாப் பொறந்த தம்பி இல்லே, பானு,” என்றார் ஜெக்கரியா. “பாரு. ஐயரு மூணு ஆதாரம் கொடுத்திருக்காரு. ஒண்ணு, பஞ்சாபகேசன் பொறப்புச் சான்று, 1920. ரெண்டு, சாமிநாதனோட பள்ளிக்கூடச் சான்று, திருவாரூர், பொறந்தது 1922. மூணு, சாமிநாதனுக்குக் கை முறிஞ்சு கட்டுப் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, 1931. மூணுலேயும் அப்பா வைத்தியநாத ஐயர், அம்மா அபயாம்பாள். மூணும் நாப்பது அம்பது வருஷத்துப் பழைய சங்கதி. உச்சவரம்பு வரும்னு 1931லேயே கையை முறிச்சுக்க எவனாலயும் முடியாது.”

“அப்ப தம்பி இருக்காரா?”

“பேரு இருக்கு. ஆளு இருக்காரான்னு பாக்கணும். மேல்மனு போடுவோம், விசாரணைக்கு நாள் இருக்கு. கெளம்பு.”

“பீஸ்?”

ஜெக்கரியா குடையை எடுத்தார். பானு பெருமூச்சு விட்டு, அம்சத்துக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்துவிட்டுப் பின்தொடர்ந்தார்.

*

தாலுகா அலுவலகத்து ஆவண அறையில் எலி நாற்றம் அடித்தது. பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் அங்கே மூட்டையாகக் கிடந்தன. காவலுக்கு இருந்தவர் சலித்துக்கொண்டார்.

“நகல்தான் ஐயரு வாங்கிட்டாரே. அதே எழுத்துத்தானே இதுலயும் இருக்கப் போகுது?”

“அதே எழுத்து இருக்கும்,” என்றார் ஜெக்கரியா. “நகல்ல இல்லாத எழுத்தும் இருக்கும். நானே எழுதினவன். அசல்ல ஒம்பது பத்தி இருந்தா நகல்ல அஞ்சுதான் எழுதுவோம். கேக்குறவங்களுக்குப் பேரு, தேதி, அப்பா, அம்மா, ஊரு போதும். கடைசிப் பத்தியை யாரும் கேட்டதே இல்லே.”

“கடைசிப் பத்தியில என்ன இருக்கும்?” என்றார் பானு.

“தகவல் சொன்னவரு யாருன்னு இருக்கும்.”

1920ஆம் ஆண்டுப் பதிவு கிடைத்தது. ஆண் குழந்தை. பெயர் பஞ்சாபகேசன். தகவல் தந்தவர்: தகப்பனார் வைத்தியநாதன்.

1922இல் ஒன்றுமில்லை. அதற்கு முந்திய ஆண்டிலும் பிந்திய ஆண்டிலும் ஒன்றுமில்லை. இறப்புப் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி இருந்தது. 1935, மாசி மாதம்: அபயாம்பாள், வைத்தியநாதன் மனைவி.

“தம்பி பொறப்பு இல்லியே, மாமா. புடிச்சுட்டோமா?”

“இல்லாததை வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது. பிரசவம் தாய் வீட்டுல நடந்திருக்கும். அபயாம்பாளுக்குப் பொறந்த ஊரு திருவாரூரு. அங்க பதிஞ்சிருக்கலாம். பதியாமலும் விட்டிருக்கலாம்.”

திருவாரூரில் பிறப்புப் பதிவேடு நல்ல நிலையில் இருந்தது. அதிலும் சாமிநாதன் இல்லை. பிறகு இருவரும் கமலாலயக் குளத்தின் வடகரையிலிருந்த ஒரு பழைய தொடக்கப் பள்ளிக்கு நடந்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் தாமே எடுத்துக் கொடுத்தார். சாமிநாதன். பிறந்த நாள் 1922 ஜூன் முதல் நாள். கொண்டுவந்து சேர்த்தவர்: தாயார்.

பானு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“மாமா, இந்த வகுப்புல இருபத்தெட்டுப் புள்ளைங்க. இருபத்தஞ்சு பேரு ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்திருக்காங்க. திருவாரூர்த் தாய்மாருங்க எல்லாம் பேசி வெச்சுக்கிட்டா பெத்தாங்க?”

தலைமையாசிரியருக்கு முகம் சிவந்தது. “அந்தக் காலத்துல வாத்தியாரே வயசு போட்டுக்குவாரும்மா. கை தலைக்கு மேல சுத்திக் காதைத் தொட்டா அஞ்சு வயசு. தேதி கேட்டா யாருக்கும் தெரியாது.”

எனவே 1922 என்னும் ஆண்டு ஒரு சிறுவனின் பிறப்பைக் குறிப்பதன்று. ஓர் ஆசிரியரின் சோம்பலைக் குறிப்பது. அந்தச் சோம்பல் ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒரு பெண்ணின் வயலில் போய் விழுந்தது. இதை எழுதுகையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மருத்துவமனைச் சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கை முறிந்த பையனைத் தூக்கி வந்தவர் தாயார் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஐயர் அதைத் தமக்குப் பாதகமாகக் கருதாமல் முழுவதுமாகவே தாக்கல் செய்திருந்தார்.

*

பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை. பானு காகிதங்களை மேசைமேல் இரண்டாகப் பிரித்து வைத்தார். ஜெக்கரியா எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பக்கம் பஞ்சாபகேசன். பொறப்புப் பதிவு, அப்பா எழுதின உயில், வாக்காளர் பட்டியல், பட்டா. அந்தப் பக்கம் சாமிநாதன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ரெண்டே ரெண்டு. அப்புறம் இருபத்தேழு வருஷம் ஆளையே காணோம். திடீர்னு 1958ல பாகப்பிரிவினைப் பத்திரத்துல வந்து பாதி நிலத்தை வாங்கிட்டுப் பம்பாய்க்குப் போயிடுறாரு.”

“யாரு சொன்னது, அதைப் பாரு.”

“பஞ்சாபகேசன்னு சொன்னதெல்லாம் ஆம்பளைங்க. சாமிநாதன்னு சொன்னது…” பானு நிறுத்தினார். “ரெண்டும் அம்மா.”

“அம்மா இறந்தது 1935.”

“அம்மா போனதும் மகனும் நின்னுட்டான்.”

நாகப்பட்டினம் பேருந்து ஒன்று கிளம்பிற்று. நடத்துநர் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தாயாருக்கு ரெண்டு புள்ளை,” என்றார் ஜெக்கரியா. “ஒருத்தனைப் பத்தி மட்டும் வாய் திறக்கிறா. மூத்தவன் பேரை அவ எங்கேயும் சொல்லவே இல்லே. ஏன்? பஞ்சாபகேசன் மூத்தாள் புள்ளையா இருப்பானோ? இல்லே சுவீகாரமோ?”

இந்த இடத்தில் துப்பறிவாளர் தவறான வழியில் போனார் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் ஒரு மணி நேரம் அந்த வழியிலேயே பேசிக்கொண்டிருந்தார். வைத்தியநாத ஐயருக்கு முதல் மனைவி இருந்தாரா, அவருடைய ஊர் எது, எங்கே தேடுவது என்று திட்டமே போட்டுவிட்டார். பானு கேட்டுக்கொண்டே இரண்டாவது தேநீரையும் குடித்து முடித்தார்.

“மாமா, ஒண்ணு கேக்குறேன். எங்க அண்ணன் பேரு என்ன?”

“என்னடி கேள்வி இது? அஹமது கபீர்.”

“ஒங்க அக்கா அவனை என்னைக்காச்சும் அஹமது கபீர்னு கூப்பிட்டிருக்காங்களா?”

“எப்படிக் கூப்பிடும்? அது அவ மாமனார் பேரு. ராசான்னுதான்…”

“அந்த ராசாவாலதான் எங்க வீட்டுல ஒரு வருஷம் சீனி அதிகமா வந்துச்சு. ரேஷன் கார்டுக்காரரு வந்தப்ப அம்மா சொன்னது ராசா. அத்தா பேனாவைப் புடுங்கிக்கிட்டு எழுதினது அஹமது கபீர். கார்டுல ரெண்டு பசங்க. ராசாவுக்கு ஒரு பங்கு, அஹமது கபீருக்கு ஒரு பங்கு. ரெண்டையும் ஒரே தடியன்தான் தின்னான்.”

ஜெக்கரியா குவளையைக் கீழே வைத்தார். 1958ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகலை இழுத்து முதல் வரியைப் படித்தார். ‘காலஞ்சென்ற பஞ்சாபகேச ஐயர் பேரனும், வைத்தியநாத ஐயர் குமாரனுமாகிய பஞ்சாபகேசன்…’

“பாட்டன் பேரு,” என்றார் மெதுவாக.

“அபயாம்பாளுக்கு மாமனார் பேரு. புள்ளைக்கு அதையே வெச்சுட்டாங்க. அவங்க எந்த வாயால கூப்பிடுவாங்க? சாமான்னு கூப்பிட்டிருப்பாங்க. பள்ளிக்கூடத்துல பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க? சாமா. வாத்தியாரு அதை நீட்டிச் சாமிநாதன்னு எழுதிக்கிட்டாரு. மாமா, அண்ணனும் இல்லே, தம்பியும் இல்லே. ஒரே ஐயரு.”

ஒரு மனிதனைத் தந்தை ஒரு பெயராலும் தாய் வேறொரு பெயராலும் எழுதுவித்தனர். தாயின் பெட்டியில் கிடந்த அந்தப் பள்ளிச் சான்றை மகன் பிற்காலத்தில் கண்டெடுத்தார். இல்லாத ஆளுக்குச் சான்று உண்டாக்கினால் அகப்பட்டிருப்பார். இருந்த சான்றுக்கு ஆளை உண்டாக்கினார். தன் குழந்தைப் பெயரையே தம்பி ஆக்கினார்.

“கெட்டிக்காரரு,” என்றார் பானு. அவர் சிரிக்கவில்லை.

“இது நமக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியணும்னா இது போதாது. அபயாம்பாளை எழுப்பிக் கேக்க முடியாது.”

“ஐயரம்மா இருக்காங்களே. காமு.”

“அவங்க புருஷனுக்கு எதிரா வாய் திறப்பாங்களா?”

பானு சற்று யோசித்தார். “திறக்க வேணாம், மாமா,” என்றார்.

*

மேல்மனு விசாரணை ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நடந்தது. மின்விசிறி ஓடவில்லை. அம்சத்தின் சார்பில் பேச ஜெக்கரியா அனுமதி பெற்றிருந்தார். பஞ்சாபகேசன் தூய வேட்டியும் மேல்துண்டுமாக முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஐம்பது வயது கடந்தவர். மரியாதை அறிந்தவர். அம்சத்தைப் பார்த்ததும், “மருதையன் நல்ல உழைப்பாளி. பாவம்,” என்று மனமாரச் சொன்னார். தம்பியைப் பற்றிச் சாட்சி சொல்ல, மனைவி காமுவை அவரே அழைத்து வந்திருந்தார்.

ஜெக்கரியா பதிவேடுகளின் கடைசிப் பத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மேல்மனு கேட்ட அதிகாரி குறித்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் பஞ்சாபகேசன் எழுந்தார். கோபப்படவில்லை.

“ரொம்பச் சிரமப்பட்டிருக்கார். சரி, அவர் சொல்றபடியே சாமான்னு ஒருத்தன் இல்லைன்னு வெச்சுக்கோங்கோ. மருதையன் பேரிலே குத்தகைப் பதிவு இருக்கே, அதிலே நிலத்துக்குச் சொந்தக்காரர்னு யார் பேர் இருக்கு? சாமிநாதன். இல்லாத ஆள்கிட்டே எடுத்த குத்தகை எப்படி இருக்கும்? சாமா போனா அந்தக் குத்தகையும் போச்சு. அம்சம் அந்த நிலத்திலே நிக்கறதுக்கு என்ன பாத்தியதை இருக்குன்னு அவரையே கேளுங்கோ.”

அம்சத்தை நிலத்தில் நிறுத்துவதற்காகத் தேடிய உண்மை, அவர் காலடி மண்ணையே எடுத்துவிட்டது. அம்சம் அசையாமல் நின்றார். அவருக்கு அது விளங்கவில்லையோ, அல்லது விளங்கியும் இனி ஒன்றுமில்லை என்றிருந்தாரோ, நான் அறியேன்.

“சாமா இல்லேன்னு நான் சொல்லவே இல்லீங்க,” என்றார் ஜெக்கரியா.

அதிகாரி நிமிர்ந்தார். “பின்னே?”

“சாமா இருக்காரு. பம்பாயில இல்லே, இந்த அறையிலே இருக்காரு. மருதையன் அவருகிட்டதான் குத்தகை எடுத்தான். அவருக்குத்தான் நெல்லு அளந்தான். குத்தகை செல்லும். ஆளு ஒருத்தரு, நிலம் மட்டும் ரெண்டு பேருல எழுதியிருக்கு. அந்த அம்மாவை நாலு கேள்வி கேக்க அனுமதி கொடுங்க.”

காமு எழுந்து நின்றார். பயம் இருந்ததாகத் தெரியவில்லை. நெடுநாள் நோயிலிருந்து எழுந்தவர்போல் இருந்தார்.

“ஒங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பொறந்தவங்க யாரு யாரும்மா?”

“நாத்தனா ரெண்டு பேர். பட்டு, தைலம். ரெண்டு பேரும் அவருக்கு இளையவா.”

“சித்தப்பா பசங்க?”

“கிட்டு இருக்கான். கும்மோணத்திலே இருக்கான். அவனும் சின்னவன்தான். ‘மன்னி மன்னி’ன்னு உசிரை விடுவான்.”

“பேரு சொல்லித்தான் கூப்பிடுவீங்களா?”

“சின்னவாளைப் பேர் சொல்லிக் கூப்பிடாம? கிட்டுன்னுதான்.”

“பம்பாயில ஒரு மச்சினரு இருக்காராமே?”

காமு கணவரைப் பார்க்கவில்லை. “இருக்கார்,” என்றார்.

“ஒங்க வீட்டுக்காரருக்கு இளையவருதானே?”

“ஆமா.”

“அவரு பேரு?”

காமுவின் உதடு அசைந்தது. ஒலி வரவில்லை.

“அவர்தான்… பம்பாயிலே இருக்காரே, அவர்.”

“பேரும்மா.”

“அதான் சொன்னேனே. அவர்.”

“கிட்டுன்னு சொன்னீங்க. பட்டுன்னு சொன்னீங்க. இவரும் சின்னவருதான். இவரு பேரை மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?”

காமு தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல அவரால் முடிந்தது. பெயர் சொல்ல முடியவில்லை. மணமாகி வந்த நாள்முதல் அத்தைமாரும் தெருவாரும் ‘சாமா, சாமா’ என்று அழைத்ததை அவர் தம் காதால் கேட்டிருக்கிறார். அது யாருடைய பெயர் என்பது அவருக்குத் தெரியும். நாவுக்கும் தெரியும்.

பஞ்சாபகேசன் பாதி எழுந்தார். “அவளுக்கு மயக்கம் வரது. வெயில்…”

“எனக்கு ஒண்ணும் இல்லை,” என்றார் காமு.

சேவகர் தரையைப் பார்த்தார். எழுத்தர் பேனாவின் முள்ளைப் பார்த்தார். அந்த அறையிலிருந்த ஒவ்வோர் ஆணுக்கும் வீட்டில் ஒரு மனைவி இருந்தார். அவர்களுள் ஒருவரும் கணவன் பெயரைச் சொன்னதில்லை. ஆகவே அங்கே என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ளாதவர் ஒருவரும் இல்லை. அதிகாரி உட்பட.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“எனக்குப் புரியுது,” என்றார். “ஆனா சாட்சி சொன்னதைத்தான் எழுத முடியும். சொல்லாததை நான் எப்படி எழுதுறது? ‘சாட்சி பதில் கூறவில்லை’ன்னுதான் எழுதணும். மேலே போனா இது நிக்காது. சின்ன வயசிலேருந்து இவரைச் சாமான்னு கூப்பிட்ட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒருத்தர் போதும். அடுத்த வியாழக்கிழமை.”

எழுத்தர் அவ்வாறே எழுதினார். நூற்றில் ஒரு பங்கு பிழையும் இல்லாத வாக்கியம். சாட்சி பதில் கூறவில்லை. உண்மை முழுவதும் அந்த வாக்கியத்துக்கு வெளியே நின்றது.

வெளியே வந்ததும் பஞ்சாபகேசன் வண்டியில் ஏறினார். காமு தம் முறைக்குக் காத்து, ஏறாமல் சற்று நின்றார். அம்சம் எதிரே இருந்தார்.

“நாத்து விட்டாச்சா?” என்று கேட்டார் காமு.

“விட்டாச்சும்மா.”



*

மறுநாள் ஜெக்கரியாவும் பானுவும் வெண்ணாற்றங்குடி அக்கிரகாரத்தில் வீடு வீடாக ஏறினார்கள். ஓய்வுபெற்ற நீதிமன்றச் சிரஸ்தார் ஒருவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“சாமாவா? எந்தச் சாமா? எனக்கு ஞாபக மறதி.”

“போன வாரம் நடந்த கச்சேரியைப் பத்தி ராகம் ராகமாச் சொல்றாருன்னு எதிர்வீட்டுல சொன்னாங்களே, சார்,” என்றார் பானு.

“அது வேற ஞாபகம்.” கதவு சாத்தப்பட்டது.

அடுத்த வீட்டில், “இன்னிக்கு அவருக்கு, நாளைக்கு எங்களுக்கு. எனக்கும் நிலம் இருக்கு. போயிட்டு வாங்கோ,” என்றார் ஒருவர். இவர் ஒருவர்தான் நேர்மையாகப் பேசினார்.

மூன்றாம் வீட்டில் கதவு திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒரு முதியவரின் குரல் கேட்டது. “யாருடா, நம்ம சாமாவையா கேக்கறா? பஞ்சாபகேசனைத்தானே…” உடனே வேறொரு குரல் அதட்டியது. வெளியே வந்த மகன், அப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்றான்.

“சரியாத்தானே இருக்கு,” என்றார் பானு.

மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவ்வீடுகளின் பிள்ளைகள் சென்னையிலும் கல்கத்தாவிலும் கணக்கராகவும் பேராசிரியராகவும் பொறியாளராகவும் இருந்தார்கள். வழியில் ஒரு கடைக்காரரிடம் கேட்டார் ஜெக்கரியா. அவர் எடை போட்டுக்கொண்டே, “எங்களுக்கு ஐயான்னுதான் தெரியும்,” என்றார். அதுவும் உண்மைதான்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. செந்நிறமாக, நுரையும் சருகுமாக, ஓசையின்றி ஓடிற்று. அம்சம் மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நின்றார். ஒன்பது மாவிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

“அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் நடாதீங்க,” என்றார் ஜெக்கரியா. “நட்டப்புறம் எறக்கிவிட்டா ஒழைப்பும் போயிடும்.”

“நாத்துக்கு வயசாயிடும் ஐயா,” என்றார் அம்சம். “யாரு நட்டா என்ன. அது பாட்டுக்கு வெளையும்.”

பானு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “மாமா, நம்மகிட்ட பதிவேடு இருக்கு, பத்தி இருக்கு, தேதி இருக்கு. ஒரு வாய் இல்லே,” என்றார்.

வாசகரே, இனி உம்மிடமே பேசுகிறேன். நீர் அந்தத் தெருவில் பிறந்தவராக இருக்கலாம். கோடை விடுமுறையில் சாமாவோடு ஆற்றில் குளித்திருக்கலாம். கை முறிந்த அன்று ஏதோ ஒரு மாமரத்தின் கீழே நின்று, “சாமா விழுந்துட்டான்” என்று கத்தியவரே நீராக இருக்கலாம். அப்படியில்லை எனில், உம்முடைய தெருவிலும் ஒரு சாமா இருப்பார், அவர் பம்பாயில் இருப்பதாக ஒரு பத்திரம் இருக்கும், அது பொய் என்று உமக்குத் தெரிந்திருக்கும். காமுவின் நாவை ஒரு வழக்கம் கட்டியிருந்தது. உமது நாவைக் கட்டிய வழக்கம் எது? அவர் உமக்குக் கணவருமல்லர், மாமனாருமல்லர். ஆகவே எழுந்திரும். சட்டையைப் போட்டுக்கொள்ளும். வியாழக்கிழமை காலை அந்த அறைக்கு வந்து, அதிகாரியின் எதிரே நின்று, அவர் பெயரைச் சொல்லும். எழுத்தர் எழுதி முடிக்கும் வரை அங்கேயே நில்லும். எழுதியதைப் படித்துப் பார்த்து, அதன் அடியில் உமது கையொப்பத்தை இடும்.